வீட்டுக் கடனை வேறு வங்கிக்கு மாற்றினேன்: கையில் மிஞ்சினது எவ்வளவு?

2025 ஆகஸ்டில் ஆரம்பித்து அக்டோபர் கடைசியில் முடிந்த வேலை. மூன்று பேரைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது: ஏழு வருஷம் எங்கள் கடனை வைத்திருந்த வீட்டுக்கடன் கம்பெனி, நடுவில் வந்த ஏஜெண்ட், கடைசியில் கடனை எடுத்துக்கொண்ட அரசு வங்கிக் கிளை. பெயர் போடவில்லை. போட்டால் "எங்கள் ஊர் கிளை அப்படி இல்லையே" என்று யாராவது சண்டைக்கு வருவார்கள், தவிரவும் இது கிளைக்குக் கிளை, உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு ஆள் மாறுகிற சமாச்சாரம்.

கோவை வடவள்ளியில் வீடு. 2018-ல் 36½ லட்சம் கடன், 20 வருஷம், இஎம்ஐ 32 ஆயிரம் சொச்சம். என் பெயரும் வீட்டுக்காரர் பெயரும் சேர்ந்து இருக்கிறது. மாதம் பிறந்தால் ஐந்தாம் தேதி பணம் போய்விடும், நாங்களும் அதைப் பற்றி யோசித்ததே இல்லை. போன வருஷம் வருமான வரிக்காக ஸ்டேட்மெண்ட் எடுத்தபோதுதான் முதல் முறையாக உட்கார்ந்து பார்த்தேன். 84 தவணை கட்டியாயிற்று, போன பணம் கிட்டத்தட்ட 27 லட்சம், அசலில் குறைந்தது வெறும் ஆறரை லட்சம். பாக்கி 30 லட்சம். வட்டி 9.35. அதைவிட வயிற்றெரிச்சல் என்னவென்றால், 2038-ல் முடிய வேண்டிய கடன் 2039 ஆகஸ்ட் என்று காட்டியது. யார் கேட்டு நீட்டினார்கள்? ஏதோ ஒரு மெயில் வந்திருக்கிறது, நாங்கள் திறந்து பார்க்கவில்லை.

எப்படி நீண்டது என்று புரிய ரெப்போவைப் பார்க்க வேண்டும், அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டியை. 2020 மே மாதம் ரிசர்வ் வங்கி அதை 4 சதவீதத்துக்கு இறக்கியது, அப்போது எங்கள் கம்பெனி அசைந்ததே நினைவில்லை. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் 6.50 வரை ஏறியது, அப்போது மட்டும் கடிதம் தவறாமல் வந்தது; வட்டியை ஏற்றி, தவணையைத் தொடாமல் மாதங்களை நீட்டிவிட்டார்கள். 2025 பிப்ரவரி, ஏப்ரல், ஜூன் என்று மூன்று தடவையில் மொத்தம் ஒரு சதவீதம் குறைத்து 5.50-க்குக் கொண்டுவந்தார்கள், எங்களுக்குக் கிடைத்தது கால் சதவீதம். இதில் சட்டவிரோதம் ஒன்றும் இல்லை. 2019 அக்டோபரிலிருந்து வங்கிகள் புதிதாகக் கொடுக்கும் மாறும் வட்டி வீட்டுக் கடனை ரெப்போ மாதிரி வெளி அளவுகோல் ஒன்றோடு கட்டியாக வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது வட்டியைத் திருத்த வேண்டும். வீட்டுக்கடன் கம்பெனிகளுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. அவர்கள் சொந்தமாக ஒரு அடிப்படை வட்டி வைத்துக்கொள்வார்கள், ஏற்றுவதும் இறக்குவதும் அவர்கள் மனசு. இது எனக்கு ஏழு வருஷம் கழித்துத் தெரிகிறது!

இந்த நேரத்தில்தான் ஏஜெண்ட் வந்தார். நல்ல மனுஷர், பொய் சொல்கிறவர் மாதிரி முகத்தில் தெரியாது. "மேடம், இப்போ 32,085 கட்டறீங்க, ஏழரை பர்சண்ட்ல மாத்தினா 24,168-தான். மாசம் 7,900 ரூபாய் உங்க கையில நிக்கும், பிளஸ் மேல அஞ்சு லட்சம் கூடுதல் கடன், டாப்-அப், அதையும் வாங்கித் தர்றேன்." கேட்க எவ்வளவு இனிப்பு! வீட்டுக்காரர் அப்போதே பேனா எடுத்துவிட்டார். நான் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு எழுதுகிறவள், வாய் சும்மா இருக்காது. 24,168 எத்தனை மாதத்துக்கு என்று கேட்டேன். 240-ஆம். எங்களுக்கு மிச்சம் இருந்ததோ 168. அதாவது வட்டியைக் குறைக்கிறேன் என்று வந்தவர் கடனைத் திரும்ப 20 வருஷத்துக்கு இழுத்துவிட்டார். பெருக்கிப் பாருங்கள்: 24,168 × 240 என்றால் 58 லட்சம். பழைய இடத்தில், அந்த 9.35 வட்டியிலேயே, ஒன்றும் செய்யாமல் கட்டிக்கொண்டே போனால் 32,085 × 168, அது 53.9 லட்சம். மாதம் 7,900 மிச்சம் பிடித்து மொத்தத்தில் நாலு லட்சம் அதிகமாகக் கட்டுவது! இதற்கு அவருக்கு வங்கியிலிருந்து கமிஷன் வேறு. நட்சத்திரம் கொடுக்கச் சொன்னால் ஒன்று கொடுப்பேன், அதுவும் தேவையான பேப்பர்களை வரிசையாக எழுதிக் கொடுத்ததற்காக. டாப்-அப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம் என்றோம்.

சரி, நியாயமான கணக்கு என்ன? மிச்சம் இருக்கும் அதே 168 மாதத்தை வைத்துக்கொண்டு வட்டியை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். 30 லட்சம், 168 மாதம், 7.50 என்றால் தவணை 28,894. மாதம் 3,191 குறைகிறது, 14 வருஷத்தில் 5.36 லட்சம். இன்னொரு வழி, பழைய தவணையையே தொடர்ந்து கட்டுவது. 7.50-ல் மாதம் 32,085 கட்டினால் 141 மாதத்திலேயே கடன் தீர்ந்துவிடும், 27 மாதம் முன்னாலேயே. அப்படிச் செய்தால் மிச்சம் எட்டரை லட்சத்தைத் தாண்டும். ஏழு வருஷமாக 32 ஆயிரம் இல்லாமல்தான் குடும்பம் நடத்திப் பழகிவிட்டோம், அதனால் இரண்டாவது வழியே எங்களுக்குச் சரி என்று முடிவு செய்தோம்.

அப்புறம் செலவு. முன்கூட்டியே அடைப்பதற்குப் பழைய கம்பெனி அபராதம் போடுமோ என்று வீட்டுக்காரருக்குப் பயம். தனிநபர் எடுத்த மாறும் வட்டி வீட்டுக் கடனுக்கு அப்படி வாங்கக் கூடாது, வங்கிகளுக்கு 2012-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது, கம்பெனிகளுக்கும் அதே விதி உண்டு. (நிலையான வட்டிக் கடன் என்றால் ஒப்பந்தத்தைப் பாருங்கள், அங்கே போடுவார்கள்.) ஆனால் அபராதம் இல்லை என்பதால் செலவே இல்லை என்று ஆகிவிடாது. தமிழ்நாட்டில் பெரிய அடி எம்ஓடி-யில்தான் விழுகிறது. பத்திரத்தைப் புது வங்கியில் ஒப்படைத்ததற்கான அந்த ஆவணத்தை சார்பதிவாளர் அலுவலகத்தில் மறுபடி பதிய வேண்டும். கடன் தொகையில் அரை சதவீதம் முத்திரைத் தீர்வை, எங்களுக்கு 15,000. பதிவுக் கட்டணம் 6,000. 2018-ல் இதே வேலைக்குக் கட்டின பணம் போனது போனதுதான், அது இதில் கழியாது. வங்கியின் பிராசஸிங் கட்டணம் 10,000, ஜிஎஸ்டி சேர்த்து 11,800. வக்கீல் ஒப்பீனியனும் வீட்டு மதிப்பீடும் 7,500. பழைய கடன் தீர்ந்ததற்கு ரசீது ஆவணம் பதிய, பத்திர எழுத்தர் கூலியோடு, 3,800. வில்லங்கச் சான்று, நகல், நோட்டரி, முத்திரைத்தாள் என்று சில்லறையாக 1,650.

யாருமே சொல்லாத ஒன்று இரட்டை வட்டி. புது வங்கி பணத்தை விடுவித்த நாளிலிருந்து அவர்கள் மீட்டர் ஓட ஆரம்பித்துவிடும், பழைய கம்பெனி அதை வரவு வைத்துக் கணக்கை மூடும் வரை அவர்கள் மீட்டரும் நிற்காது. எங்களுக்கு ஒன்பது நாள் இரண்டும் ஓடியது, சுமார் 5,550 ரூபாய். ஆக மொத்தம் 51,300. நாங்கள் போட்ட லீவு இதில் இல்லை.

51,300-ஐ 3,191-ஆல் வகுத்தால் 16 மாதம். பதினாறு மாதத்தில் போட்ட காசு திரும்பிவிடும், அப்புறம் எல்லாம் லாபம், யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்துக் கடனை அடைக்கும் தொகைக்கான கடிதம் கேட்டு எழுதிக் கொடுத்தேன். மூணாம் நாள் பழைய கம்பெனியிலிருந்து போன். ஏழு வருஷத்தில் எங்களை ஒரு தடவைகூடப் பெயர் சொல்லிக் கூப்பிடாதவர்கள் "எங்க பழைய கஸ்டமர் நீங்க, ஏன் மேடம் போறீங்க" என்று உருகினார்கள். 7.95-க்குக் குறைத்துத் தருகிறோம், பாக்கித் தொகையில் கால் சதவீதம் கட்டணம், ஜிஎஸ்டியோடு 8,850 கட்டினால் போதும் என்றார்கள். 9.35-லிருந்து 7.95! ஒரு போனில் 1.40 சதவீதம் குறைக்க முடியும் என்றால் இத்தனை நாள் எங்களிடம் வாங்கினது என்ன கணக்கு என்று கேட்டேன். "அது சிஸ்டம் மேடம்" என்றார் அந்தப் பையன். அவனைத் திட்டி என்ன பிரயோஜனம்.

ஆனால் இந்தப் போன் என் கணக்கைப் புரட்டிப் போட்டது. இத்தனை நேரம் 7.50-ஐ 9.35-ஓடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்த 9.35 கேட்காமல் இருந்தால் மட்டும் வருகிற வட்டி. கேட்டால் 7.95. அப்படியானால் போட்டி 7.50-க்கும் 7.95-க்கும்தான். 7.95-ல் தவணை 29,655, வங்கிக்கு மாறினால் அதைவிட மாதம் 760 ரூபாய்தான் குறைவு. அதற்காகக் கூடுதலாகச் செலவழிப்பது 51,300 கழித்தல் 8,850, அதாவது 42,450. 760-ஆல் வகுத்தால் 56 மாதம்! பதினாறு மாதத்தில் வரும் என்று நினைத்த காசு நாலே முக்கால் வருஷம் ஆகும். நடுவில் வீட்டை விற்றாலோ, ஊரில் நிலம் விற்ற பணம் வந்து கடனை அடைத்தாலோ மாறினது நஷ்டம்தான். ஏஜெண்ட் இந்தக் கணக்கைப் போடவே மாட்டார், அவருக்கு 9.35 இருந்தால்தான் வியாபாரம்.

இரண்டு நாள் வீட்டில் பட்டிமன்றம். வீட்டுக்காரர் இப்போது கட்சி மாறிவிட்டார், "எதுக்கு அலைச்சல், 8,850-ஐக் கட்டிட்டு இங்கேயே இருப்போம்" என்றார். எண்களை மட்டும் பார்த்தால் அவர் சொன்னதில் தப்பில்லை. நான் மாறுவது என்று நின்றதற்குக் காரணம் ரெப்போதான். வங்கி தந்த 7.50 என்பது ரெப்போ 5.50-உம் அவர்கள் லாப விகிதம் 2.00-உம், காகிதத்தில் பிரித்து எழுதியிருக்கிறது. ரெப்போ இறங்கினால் மூன்று மாதத்துக்குள் எனக்கும் இறங்கும், ஏறினால் ஏறும், இரண்டும் நாளிதழில் தெரிந்துவிடும். கம்பெனியின் 7.95 எதோடு கட்டியிருக்கிறது? அதே பழைய சொந்த அளவுகோல். இன்னும் மூன்று வருஷத்தில் அது திரும்ப மெல்ல மேலே ஏறி, நான் இன்னொரு தடவை போய் மிரட்டி, இன்னொரு 8,850 கட்டி... ஏழு வருஷம் தூங்கினவள் இனி விழித்துக்கொண்டே இருப்பேன் என்று எனக்கே நம்பிக்கை இல்லை. நம்மைக் கேட்காமல் தானாகக் குறைகிற வட்டிக்கு 42 ஆயிரம் கொடுக்கலாம் என்று பட்டது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வட்டியைச் சரிபார்த்துப் போன் போட்டுச் சண்டை பிடிக்கும் ஆசாமிகள் பழைய இடத்திலேயே இருப்பதுதான் லாபம், சந்தேகமே இல்லை.

வரி பற்றியும் சிலர் கேட்டார்கள், வட்டி குறைந்தால் கழிவும் குறையுமே என்று. நாங்கள் இருவரும் புதிய வரித் திட்டத்தில் இருக்கிறோம். நாமே குடியிருக்கும் வீட்டுக்கு அதில் வட்டிக் கழிவே கிடையாது, கதை முடிந்தது. பழைய திட்டத்தில் இருப்பவர்களுக்கு உச்சவரம்பு ஒருவருக்கு ஆண்டுக்கு 2 லட்சம். 30 லட்சத்துக்கு 7.50-ல்கூட முதல் வருஷ வட்டி அதைத் தாண்டும். தவிர, ஒரு ரூபாய் வட்டி கட்டி முப்பது பைசா வரி மிச்சம் பிடிப்பது என்ன சாமர்த்தியமோ.

வங்கிக் கிளைக்கு நாலு நட்சத்திரம். கடன் மேலாளர் பொறுமையானவர். சிபில், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று பார்த்துப் போடும் மதிப்பெண், 800-க்கு மேல் என்பதால் வட்டியில் பேரம் பேச வேண்டியிருக்கவில்லை, கிடைத்ததே அவர்களின் குறைந்த வட்டிதான். எல்லாக் கட்டணத்தையும் ஒரே தாளில் போட்ட முக்கிய விவர அறிக்கையைக் கையெழுத்துக்கு முன்னாலேயே தந்தார்கள். 2024 அக்டோபர் முதல் எல்லாச் சில்லறைக் கடனுக்கும் இது கட்டாயம். தராமல் "அப்புறம் தர்றோம்" என்றால் அங்கேயே உட்கார்ந்து கேளுங்கள். அதில் ஆண்டுக்கு உண்மையில் விழும் வட்டி என்று ஒரு எண் இருக்கும், விளம்பரத்தில் இருப்பதைவிட அதைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு நட்சத்திரத்தைக் கழித்தது காப்பீட்டுக்காக. கையெழுத்துப் போடப் போன அன்று "கடன் காப்பீடு 92,000, கடனோடயே சேர்த்துக்கலாம், எல்லாரும் எடுக்கறாங்க" என்று ஒருவர் படிவத்தை நடுவில் சொருகினார். கட்டாயமா என்றால் கட்டாயம் இல்லை என்று சொல்லாமல், "எடுத்தா சாங்ஷன் சீக்கிரம் ஆகும்" என்கிறார். எங்களுக்கு டெர்ம் பாலிசி தனியாக இருக்கிறது, வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தோம். எழுதிக் கொடுத்ததும் சாங்ஷன் வழக்கமான வேகத்தில்தான் வந்தது. அந்த 92,000-ஐச் சேர்த்திருந்தால் என் கணக்கு முழுக்கக் குப்பைத் தொட்டிக்குப் போயிருக்கும்.

நேரம் தின்றது வக்கீல் ஒப்பீனியன். பழைய கம்பெனி 2018-ல் ஏற்றுக்கொண்ட அதே பத்திரங்கள்தான். ஆனால் புது வங்கியின் வக்கீல் 30 வருஷ வில்லங்கம் கேட்டார், தாய்ப்பத்திரத்தில் ஒரு பாகப்பிரிவினையின் நகல் தெளிவாக இல்லை என்றார், சான்றிட்ட நகல் வாங்க வைத்தார். பத்து நாள் போயிற்று. அப்போது எரிச்சலாக இருந்தது, ஆனால் வீட்டை வாங்கும்போதே இந்த மனுஷர் பார்த்திருக்கலாமே என்றும் தோன்றியது. பதிவு அன்று நாங்கள் இருவரும் நேரில் போக வேண்டும், கைரேகை, போட்டோ எல்லாம் உண்டு. முகூர்த்த நாள் என்று தெரியாமல் டோக்கன் போட்டு, வீட்டு மனை வாங்க வந்த கூட்டத்தோடு மத்தியானம் மூணு மணி வரை உட்கார்ந்திருந்தோம். வீட்டுக்காரருக்கு ஒரு ஷிப்ட் போயிற்று.

பழைய கம்பெனிக்கு ஒன்றரை நட்சத்திரம், அந்த அரை ஆவணம் திரும்பி வந்ததற்காக. கடன் தீர்ந்து 30 நாளுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், அவர்கள் தரப்பில் தாமதமானால் நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய் நமக்குத் தர வேண்டும் என்று 2023 டிசம்பரிலிருந்து ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. முதல் இரண்டு தடவை போனபோது "சென்ட்ரல் ஸ்டோரேஜ்ல இருந்து வரணும்" என்ற ஒரே பாட்டு. மூன்றாம் தடவை அந்த 5,000-ஐ மெயிலில் குறிப்பிட்டு அனுப்பினேன். 24-ஆம் நாள் பத்திரம் வந்துவிட்டது. வாங்கும்போது 2018-ல் அவர்கள் கொடுத்த ஆவணப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன், கட்டட அனுமதி வரைபடம் இல்லை. அரை மணி நேரம் தேடி வேறு யாரோ ஒருவர் கவரிலிருந்து எடுத்துத் தந்தார்கள். அந்த ஆளின் வரைபடம் எங்கே இருக்கிறதோ!

ரசீது ஆவணத்தையும் உடனே பதிந்துவிட்டோம். அதைச் சோம்பலில் விட்டால் வில்லங்கச் சான்றில் தீர்ந்த கடன் தீராத மாதிரியே நின்றுகொண்டிருக்கும், பின்னால் விற்கும்போது தலைவலி.

டிசம்பரில் ரெப்போ 5.25 ஆனது. ஜனவரி முதல் தேதி எங்கள் வட்டி 7.25 என்று குறுஞ்செய்தி வந்தது, யாரையும் கேட்கவில்லை, எதுவும் கட்டவில்லை. வீட்டுக்காரரிடம் காட்டினேன், "ம்" என்றார்.

இதைக் கேட்டுத் திருப்பூரில் இருக்கும் என் தம்பியும் மாற்றப் போகிறேன் என்று கிளம்பினான். அவனுக்கு ஒரு வங்கியில் 11 லட்சம் பாக்கி, ஆறு வருஷம், வட்டி 8.60. வெளியே 7.60 கிடைக்கிறதாம். முழுசாக ஒரு சதவீதம் என்று குதித்தான். தவணை 19,610-லிருந்து 19,072, மாதம் 538, ஆறு வருஷத்தில் 38,700 சொச்சம். செலவோ எம்ஓடி 5,500, பதிவு 6,000, மீதியெல்லாம் சேர்த்து 36 ஆயிரம் வந்துவிடும். ரெண்டாயிரம் ரூபாய்க்காக ரெண்டு மாதம் அலைவாயாடா என்று கேட்டேன். அவன் கடன் பழைய எம்சிஎல்ஆர் முறையில் (வங்கி தன் சொந்த நிதிச் செலவை வைத்து வட்டி போடுவது) இருந்தது, அதே வங்கியில் ரெப்போ முறைக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுக்கச் சொன்னேன். கட்டணம் 5,900, வட்டி 7.90. மாதம் 370 ரூபாய்க்கு மேல் குறைந்தது. எம்ஓடி இல்லை, வக்கீல் இல்லை, மதியம் சாப்பாட்டு நேரத்தில் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலைக்குத் திரும்பிவிட்டான்.